விதியும் நியாயமும்

அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பிப்போர் கறாரான வடிவ விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும். தேசிய சுகாதார நிறுவனங்கள் வழங்கும் ‘ஆர்01’ நிதிக்கு ஆய்வு உத்தியை 12 பக்கங்களுக்குள் எழுத வேண்டும். எழுத்தளவு 11 புள்ளிக்குக் குறையக்கூடாது. நாற்புறமும் அரை அங்குல ஓரமாவது விட வேண்டும். கடைசி நாளன்று உள்ளூர் நேரப்படி மாலை 5 மணிக்குள் சமர்ப்பித்துவிட வேண்டும். மீறினால், விண்ணப்பம் மதிப்பீட்டுக்கே போகாமல் நீக்கப்படலாம்.

நோய் தீர்க்கக்கூடிய ஒரு கருத்தை ஓர அளவுக்காக ஒதுக்குவது நீதியா என்பதே இங்கு எழும் அறக்கேள்வி.

விதியின் பக்கம் வலுவான நியாயம் உண்டு. பொடி எழுத்தில் 14 பக்கச் செய்தியை 12 பக்கத்தில் திணிப்பவர், தன் வாதத்தை நேர்மையாகச் சுருக்கியவரை முந்தப் பார்க்கிறார். பெயர் பெற்றவரையும் புதியவரையும் ஒரே தராசில் நிறுத்துவது பொது அளவுதான்.

ஆனால் பொதுவிதி எல்லா நிலைமைகளையும் முன்கூட்டியே அறியாது. அந்தக் குறையைத் திருத்தும் நடுவுநிலைப் பண்பை அரிஸ்டாட்டில் ‘நிக்கோமாக்கிய அறவியல்’ நூலின் 5ஆம் பகுதியில் விளக்குகிறார். நெருங்கிய உறவினரின் மரணம், திடீர்க் கடும் நோய், இயற்கைப் பேரிடர் போன்றவற்றால் தாமதமான விண்ணப்பங்களை இரண்டு வாரம் வரை பரிசீலிக்க இடமளிக்கும் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஏற்பாடு அப்பண்புக்குச் சான்று. இச்சலுகை பக்க அளவுக்குப் பொருந்தாது. துயரம் ஒருவரின் நேரத்தைப் பறிக்கிறது, அதை ஈடுசெய்வது நியாயம். கூடுதல் பக்கமோ பிறருக்கு இல்லாத வாய்ப்பை ஒருவருக்கு மட்டும் தருகிறது.