முதலில் விட்ட மீன்கள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி இருக்கிறது. அதில் மூன்று தங்கமீன்கள் சுகமாக வாழ்கின்றன. வருகிறவர்கள் எல்லாரும், "எவ்வளவு தெளிவான தண்ணீர்!" என்கிறார்கள். அந்தத் தண்ணீருக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் பாராட்டை வாங்கிக்கொள்வது மனத்தை உறுத்துகிறது.

தொட்டி வாங்கிய அன்றே தங்கமீனும் வேண்டும் என்றேன். கடைக்காரர் அனுபவசாலி. "இப்ப வேண்டாம் சார். முதல்லே அஞ்சாறு சாதா மீனை விட்டுப் பாருங்க. செத்தாலும் பெரிய நஷ்டமில்லே. தண்ணி பழகினப்புறம் நல்ல மீன் வாங்கிக்கலாம்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. ஆறு ஜீப்ரா மீன்களுடன் வீடு திரும்பினேன்.

தண்ணீர் பழகுவது என்றால் என்ன? மீன் தன் செவுள் வழியாகவே அம்மோனியாவைக் கழிக்கிறது. தின்னாமல் மிஞ்சும் இரையும் அழுகி அதே விஷமாகிறது. ஆற்றில் ஓட்டம் அதைக் கொண்டுபோய்விடும். தொட்டியில் நுண்ணுயிர்கள்தான் கதி. ஒரு வகை, அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதுவும் விஷமே, இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். இன்னொரு வகை, அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. இது அவ்வளவு கொடியதல்ல; வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றினால் கட்டுக்குள் நிற்கும். மண்ணில் இந்த வேலையைச் செய்யும் நுண்ணுயிர்களை 1890-ஐ ஒட்டி ருஷ்ய விஞ்ஞானி விநோகிராட்ஸ்கி பிரித்தெடுத்துக் காட்டினார். தொட்டியின் கூழாங்கல்லிலும் வடிகட்டிப் பஞ்சிலும் இவை குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை அவற்றுக்கு உணவாக யாராவது அம்மோனியா தந்துகொண்டிருக்க வேண்டும். ஆறு மீன்களுக்கும் அந்த உத்தியோகம்.

மூன்றாம் வாரம் அவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. தண்ணீரோ பளிங்கு! கண்ணுக்குத் தெரியாத அழுக்கு ஏதோ இருக்கிறதென்று பஞ்சையும் கல்லையும் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவினேன். குழாய் நீரின் குளோரின், அப்போதுதான் குடியேறியிருந்த நுண்ணுயிர்களைக் கொன்றது. தொட்டியிலிருந்தே எடுத்த நீரில் லேசாக அலசியிருக்க வேண்டும். இரண்டு நாளில் நான்கு மீன்கள் மிதந்தன. மற்ற இரண்டும் எப்படியோ தாக்குப் பிடித்தன. சோதனைச் சொட்டு மருந்து அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லையென்று காட்டிய பிறகு தங்கமீன்கள் வந்தன.

"மீன் குழம்பு சாப்பிடுகிற ஊரில் நாலு பொடி மீனுக்கா இத்தனை புலம்பல்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். வலை வீசுகிறவனுக்குத் தான் கொல்லுகிறோம் என்பது தெரியும். நானோ, செத்தால் நஷ்டமில்லை என்று கணக்குப் போட்டுவிட்டு அதற்கு வளர்ப்பு என்று பெயர் வைத்தேன்.

பின்வருகிறவர்களுக்காக முன்வந்தவர்கள் கஷ்டப்படுவது உலகத்தில் புதிதல்ல. காட்டைத் திருத்திய முதல் தலைமுறை காய்ச்சலில் மடியும். பேரன் நெல் அறுப்பான். அதைத் தியாகம் என்கிறோம். ஆனால் தானே போனவன் செய்தது தியாகம்; பிடித்துத் தள்ளப்பட்டவனுக்கு நேர்ந்தது வேறு. இரண்டுக்கும் ஒரே பெயரைச் சூட்டுவது தள்ளியவனுக்கு மிகவும் சௌகரியம்.

வேறு வழி இருந்ததா? இருந்தது. மீனே இல்லாமல், அளவாக அம்மோனியாச் சொட்டு விட்டு நுண்ணுயிரை வளர்க்கலாம். பழைய தொட்டி வைத்திருப்பவரிடம் பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கினால் இன்னும் சீக்கிரம் ஆகும். ஒரு மாதம் வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பொறுமை எனக்கு இல்லை. அந்த மீன்கள் தங்கமீனுக்காகச் சாகவில்லை. என் அவசரத்துக்காகச் செத்தன.

இப்போது மகள் ஆசைப்பட்டாள் என்று இரண்டாவதாக ஒரு சிறு தொட்டி வைத்திருக்கிறோம். நான்காவது வாரமாகக் காலியாகவே இருக்கிறது.

"மீன் எங்கே?" என்று கேட்கிறார்கள்.

"தண்ணீர் இன்னும் தயாராகவில்லை" என்கிறேன்.