போண்டா கேட்டுச்சா அக்கா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சமய வகுப்பு முடிந்து பிள்ளைகள் பசியாறிக்கொண்டிருந்தார்கள். என் கைப்பேசியில் இருந்த வீடியோவை நாலைந்து பேர் சூழ்ந்து நின்று பார்த்தார்கள். என் நாய் போண்டா தடையைத் தாண்டுகிறான், துணிக் குழாய்க்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே பாய்கிறான், கடைசியில் கழுத்தில் மெடலோடு நிற்கிறான். எல்லாரும் கைதட்டினார்கள். பத்து வயதுத் தம்பி ஒருவன் மட்டும் கேட்டான்: "போண்டா மெடல் வேணும்னு கேட்டுச்சா அக்கா?"

சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. வாயில்லாத ஒரு ஜீவனை நம் ஆசைக்காக ஓட வைப்பது சரியா? அன்பு என்று நான் சொல்வது உண்மையில் அன்புதானா?

போண்டா ஒரு கோர்கி. வேல்ஸ் நாட்டில் மாடு ஓட்ட வளர்த்த இனம். குட்டைக் கால், நீண்ட முதுகு, நிமிர்ந்த காது. மாட்டின் குதிகாலைக் கடித்து ஓட்டும். மாடு உதைத்தால் உதை தலைக்கு மேலே போய்விடும், அவ்வளவு குட்டை! எலிசபெத் மகாராணி வளர்த்த நாய் என்றால் நம் பாட்டிகளுக்குக்கூடத் தெரியும். அந்த மகாராணி வீட்டு இனம்தான் ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டு வாசலில் படுத்துக்கொண்டு ரொட்டி சானாய் வாசனைக்கு மூக்கை நீட்டுகிறது.

நாங்கள் பழகும் விளையாட்டுக்கு அஜிலிட்டி என்று பெயர். 1978-இல் லண்டனில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், இடைவேளையில் கூட்டத்தை மகிழ்விக்க, குதிரைத் தாண்டுதலைப் பார்த்து அமைத்த காட்சி அது. இன்று உலகம் முழுக்கப் போட்டியாக நடக்கிறது. தாண்டும் தடைகள், குழாய், ஏறி இறங்கும் சாய்பலகை, ஏற்றப்பலகை, வளைந்து வளைந்து போக வரிசையாய் நட்ட கம்பங்கள். குறுக்குக் கம்பு விழுந்தால் 5 புள்ளி தண்டம். தடை மாறிப் போனால் போட்டியிலிருந்தே வெளியே.

இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். தடைகளின் வரிசை ஒவ்வொரு போட்டிக்கும் மாறும். ஓட்டத்துக்கு முன் மனிதர்கள் மட்டும் திடலில் நடந்து பாதையை மனப்பாடம் செய்யலாம். நாய்க்கு அந்த வாய்ப்பு கிடையாது. உள்ளே போன பிறகு நாயைத் தொடக்கூடாது, கையில் தீனியோ பொம்மையோ இருக்கக்கூடாது. நம் குரலும் உடம்பும்தான் அதற்கு வழிகாட்டி. பாதை தெரிந்தவர் ஒருவர், ஓடுகிறவர் இன்னொருவர்.

இனி நான் மறைக்க நினைத்த கதைக்கு வருகிறேன். அந்த மெடலுக்கு முன்னால் ஒரு போட்டி நடந்தது, பாலத்துக்கு அந்தப் பக்கம், பெருநிலத்தில். மூன்று மாதம் விடியற்காலையில் எழுந்து பழகியிருந்தோம். கோர்கிக்கு இரட்டை அடுக்கு ரோமம். நம்ம ஊர் வெயிலில் ஒன்பது மணிக்கு மேல் ஓட விட்டால் பாவம், நாக்குத் தள்ளிவிடும். அன்று முதல் ஏழு தடை சுத்தமாக முடிந்தது. எட்டாவது தடை தாண்டல். "தாண்டு!" என்று கத்தினேன். போண்டா பக்கத்தில் இருந்த குழாய்க்குள் புகுந்துவிட்டான். அவ்வளவுதான், வெளியே!

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. போண்டா குழாயிலிருந்து வாலில்லாத பின்புறத்தை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தான். நான் அவனைத் தட்டிக்கொடுக்கவில்லை. தண்ணீர் வைத்தேன், அதுவும் கடமைக்கு. திரும்பும்போது பினாங்கு பாலம் 13.5 கிலோமீட்டர் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. பின்சீட்டில் அவன் முகத்தை என் தோள்பக்கம் கொண்டு வந்தபோது, "போ" என்றேன்.

இரவு தோழி அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். வாய் "தாண்டு" என்கிறது. ஆனால் என் இரண்டு பாதமும், தோளும், நீட்டிய கையும் குழாயைக் காட்டுகின்றன! நாய்கள் நம் சொல்லைவிட நம் உடம்பை நம்பும். போண்டா தவறு செய்யவில்லை. நான் காட்டிய இடத்துக்கு அப்படியே போனான். தவறு என்னுடையது, தண்டனை அவனுக்கு.

மகாபாரதம் தொடங்கும் இடத்தில் ஒரு நாய்க்குட்டி வருகிறது, தெரியுமா? ஜனமேஜயன் வேள்வி செய்கிறான். அங்கே வந்த குட்டியை அவன் தம்பிகள் அடித்து விரட்டுகிறார்கள். அது அழுதுகொண்டே தாய் சரமையிடம் போய், நான் வேள்விப் பொருளைப் பார்க்கவும் இல்லை, நக்கவும் இல்லை என்று சொல்கிறது. சரமை வேள்விச் சாலைக்கே வந்து, குற்றம் செய்யாத என் பிள்ளையை ஏன் அடித்தீர்கள் என்று கேட்கிறாள். யாரும் பதில் சொல்லவில்லை. நீங்கள் எதிர்பாராத அச்சம் உங்களைத் தேடி வரும் என்று சபித்துவிட்டுப் போகிறாள். அரசனே நடுங்குகிறான்.

தருமரோடு கடைசிவரை நடந்த நாயை நாம் எல்லா மேடையிலும் சொல்கிறோம். சரமையின் குட்டியை யாரும் சொல்வதில்லை. ஏன்? தருமர் கதையில் நம்மைத் தருமராக நினைத்துக்கொள்ளலாம். சரமை கதையில் நாம் அந்தத் தம்பிகள்.

கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் ஒரு வரிசை சொல்கிறார்: ஒன்றையே நினைத்திருந்தால் பற்று, பற்றினால் ஆசை, ஆசை தடைபட்டால் கோபம், கோபத்தால் மதிமயக்கம். வகுப்பில் நூறு முறை ஒப்பித்திருக்கிறேன். அன்று பாலத்தின் மேல்தான் அது எனக்குள் நடந்தது. மெடலையே நினைத்தேன். மெடல் போனது. கோபம் வந்தது. யார் மேல்? பதில் பேச முடியாதவன் மேல். நம்மில் பலர் இப்படித்தான் இல்லையா? மேலதிகாரி திட்டினால் வீட்டில் அம்மாவிடம் எரிந்து விழுகிறோம். கோபம் எப்போதும் பள்ளம் பார்த்துத்தான் ஓடும்.

சின்ன வயதில் திருமுறைப் போட்டிக்கு அம்மா என்னைத் தயார் செய்தார். நானும் கேட்டுக்கொண்டு போகவில்லை. மைலோவும் பிஸ்கட்டும் காட்டித்தான் உட்கார வைத்தார். பிறகு பாடல்மீது எனக்கே ஆசை வந்துவிட்டது. ஒரு வருடம் மேடையில் மூன்றாவது வரி மறந்து, அழுதுகொண்டே இறங்கினேன். அம்மா எதுவும் கேட்கவில்லை. பினாங்கு ரோட்டுக்குக் கூட்டிப்போய் செண்டோல் வாங்கிக் கொடுத்தார். அந்த செண்டோலை நான் போண்டாவுக்குக் கொடுக்கவில்லை.

ஆக, பழக்குவது தவறில்லை என்றே நினைக்கிறேன். மாடு ஓட்டப் பிறந்த இனத்தை நாள் முழுக்க ஸோபாவில் கட்டிப்போடுவதும் கருணை ஆகாது. ஆனால் தீனி காட்டிப் பழக்கிய ஆசை அவனுடைய ஆசைதானா? முழுசாகத் தெரிந்துகொள்ள வழியில்லை. தெரியாததாலேயே எனக்குப் பொறுப்பு அதிகம். இப்போது பயிற்சிக்கு முன் கயிற்றை அவிழ்த்துவிட்டு நிற்கிறேன். அவனாக ஓடி வந்தால் தொடங்குகிறோம். புல்லில் படுத்தால் வீட்டுக்குத் திரும்புகிறோம். நீண்ட முதுகுள்ள இனம், முதுகெலும்பு சீக்கிரம் பாதிக்கப்படும். அதனால் தடை உயரம் குறைவு, தாண்டலும் சில முறைதான். ஓட்டம் எப்படிப் போனாலும் முதலில் தண்ணீர், தட்டிக்கொடுத்தல். வீடியோவில் முதலில் என் காலைப் பார்க்கிறேன், பிறகுதான் அவன் காலை.

இன்னொன்றும் உண்டு. 2015-இல் நம் மாநிலத்தில் வெறிநாய்க்கடி நோய் வந்தபோது தெருநாய்களைக் கொல்ல உத்தரவு வந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தருமரின் பின்னால் வந்தது சான்றிதழ் வைத்த நாய் இல்லை. யாருடையது என்றே தெரியாத நாய். என் கருணை போண்டாவோடு நின்றுவிட்டால் அது கருணை இல்லை, சொத்துப் பாசம். எங்கள் தெருமுனையில் ஒரு கறுப்பு நாய் இருக்கிறது. அதற்கும் இப்போது தினமும் ஒரு கிண்ணம் தண்ணீர் வைக்கிறேன். சின்ன விஷயம்தான். அதற்கே இவ்வளவு நாள் ஆயிற்று.

போன ஞாயிறு அந்தத் தம்பியைத் தேடிப் போய்ச் சொன்னேன்: "போண்டா கேட்கலடா தம்பி. அதான் ஒவ்வொரு தடவையும் நான் அவன்கிட்ட கேட்கணும்."

அவன் கொஞ்சம் யோசித்தான். "சரி, அடுத்த வாரம் போண்டாவைக் கூட்டிட்டு வாங்க. நானும் கேட்கிறேன்" என்றான்.