திரைக்குள் ஒருவர்

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது தங்கை மருத்துவம் முதலாமாண்டு. உடற்கூறியல் வகுப்பு எங்கள் சாப்பாட்டு மேசைக்கே வந்துவிட்டது. மடிக்கணினியில் முப்பரிமாண உடல். தோலை நீக்குவாள், தசையை நீக்குவாள். தவறினால் ஒரு பொத்தான். எல்லாம் பழையபடி கூடிவிடும்.

"நல்லதாப் போச்சு, யாரையும் அறுக்க வேணாம்" என்றேன். நான் பொறியியலாளன். எதையும் முதலில் திரையில் உடைத்துப் பார்ப்பவன்.

"யாரையும் அறுக்காம இது எப்படி அண்ணே வந்திருக்கும்?"

தேடிப் பார்த்தேன். இதுபோன்ற பல திரை உடல்களுக்கு மூலம், 1993இல் டெக்சஸில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட ஒரு கொலைக் குற்றவாளி. உடலைத் தானமாகத் தந்திருந்தார். அதை உறையவைத்து, ஒரு மில்லிமீட்டர் கனத்தில் 1,871 துண்டுகளாகச் சீவிப் படமெடுத்திருக்கிறார்கள்.

மலாயா பல்கலைக்கழகத்தின் 'சைலண்ட் மென்டர்' திட்டத்தில், உடல் தந்தவரின் வாழ்க்கையை மாணவர்கள் அவர் குடும்பத்திடமே கேட்டறிகிறார்கள். அத்தகைய ஆசானை வணங்குவது எளிது. கொலைகாரனையுமா?

"அவன் நல்லவனா இல்லன்னா, நான் படிச்சது இல்லன்னு ஆயிடுமா?" என்றாள் தங்கை.

என்னிடம் பதில் இல்லை. கடன் கொடுத்தவரின் நடத்தையைப் பார்த்தா நாம் கடனைத் திருப்பிக் கட்டுகிறோம்? திரை அந்த மனிதரை மறைத்துவிட்டது. கடன் அப்படியேதான் இருக்கிறது.