பையன் கண்ட முகம்



சேக்காட்டில் ஒரு மளிகைக் கடை என்று வைத்துக்கொள்ளலாம். முதலாளி தெற்கேயிருந்து பிழைக்க வந்தவர்; நாமம் இடாமல் கடை திறக்காத அன்பர். மாதச் சாமான் வாங்க வருபவரை, "வாங்கக்கா" என்று மலர்ந்த முகத்தோடு அழைக்கிறார். பருப்பு நிறுக்கும் பையன் பக்கம் திரும்பியதும் அதே வாய் சீறுகிறது. முதலில் காட்டியது வியாபாரம். குணம் என்பது பையன் கண்ட முகம்தான்.

பயத்தில் வரும் சிரிப்பும் இன்முகம் ஆகாது. அன்றைய திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட மக்கள் தலைப்பாகை கட்டக் கூடாது. மேல்சாதியார் எதிரே வந்தால் விலகி நிற்க வேண்டும். அப்படி நின்றவர்களின் பணிவைக் குணம் என்று எப்படிச் சொல்வது? அய்யா வைகுண்டர் (1809–1851) அவர்களைத் தலைப்பாகை கட்டி நிற்கச் சொன்னார். சாமிதோப்பு முத்திரிக்கிணற்றில் பல சாதியாரும் ஒரே தண்ணீரைப் புழங்கினார்கள். தலை நிமிர்ந்தவர்தானே அச்சமின்றி இன்னொருவரைப் பார்த்துச் சிரிக்க முடியும்! அவ்வளவு அவமானம் பட்டவர்கள் கசந்துபோயிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனாலும் அய்யா அவர்களிடம் கேட்டது பொறுமையும் தர்மமும்.

அய்யாவின் பள்ளியறையில் சிலை கிடையாது, கண்ணாடி இருக்கிறது. தலைப்பாகையோடு நிற்கும் அன்பர் அதில் தம் முகத்தையே காண்கிறார். பணிவிடை முடிந்து சேக்காட்டுக்குத் திரும்பிக் கடையைத் திறக்கும்போது, அந்த முகத்தை முதலில் பார்க்கப்போவது பருப்பு நிறுக்கும் பையன்.