காண்பதும் குற்றமாகுமோ?

கள் உண்ணலாகாது என்பதில் சிராவகர் எவருக்கும் ஐயமில்லை. சமந்தபத்திர ஆசாரியர் இல்லறத்தார்க்குரிய எட்டு மூலகுணங்களை வகுக்கும்போது, ஐந்து அணுவிரதங்களோடு கள், ஊன், தேன் ஆகிய மூன்றையும் விலக்குதலைச் சேர்த்தே எண்ணினார். திருக்குறளோ கள்ளுண்ணாமைக்கென 93-ஆம் அதிகாரத்தையே ஒதுக்கியிருக்கிறது. ஆயின், உண்ணாது, அது ஆக்கப்படும் இடத்தைச் சென்று காண்பது மட்டும் குற்றமாகுமா? இவ்வினாவை மந்தைவெளியில் வாழும் அன்பர் ஒருவர் அண்மையில் என்னிடம் எழுப்பினார். பெங்களூருவில் கணிப்பொறித் துறையில் பணிபுரியும் அவருடைய மகனை, அலுவலகத்தார் ஒரு சனிக்கிழமையன்று சிறு பீர் ஆலை ஒன்றைச் சுற்றிக் காட்ட அழைத்துச் செல்வதாக இருந்தார்கள். தந்தை கூடாது என்றார். "உண்ணாதவன் கண்ணால் கண்டால் என்ன தோஷம், அப்பா?" என்பது மகனின் கேள்வி. கேலிக்காக எழுந்த கேள்வி அன்று அது. விடை சொல்லியே ஆகவேண்டும்.

மைக்ரோ புரூவரி எனப்படும் இச்சிற்றாலைகள் நம் நாட்டுக்குப் புதியவை. புனேயில் டூலல்லி 2009-இலும், பெங்களூரு இந்திரா நகரில் டாய்ட் 2010-இலும் தொடங்கப்பெற்றன. உணவகத்தின் நடுவிலேயே செப்பு, எஃகுக் கொப்பரைகள் கண்ணாடிக்குப் பின்னே நிற்கும். வழிகாட்டுபவர் முதலில் வாற்கோதுமையைக் கையில் கொடுப்பார். அது நீரில் ஊறவைத்து முளைகட்டி, முளை வளருமுன் வெப்பக்காற்றால் உலர்த்தப்பட்ட தானியம். முளைவிட்ட பயறை உண்பதற்கே தயங்கும் நம் நோன்பியர்க்கு இந்த முதற்படியே உறுத்தும். அதனை நொறுக்கி, ஏறத்தாழ 65 பாகை வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்தால் மாவுப்பொருள் சர்க்கரையாகும். சாற்றை வடித்து, ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவையிட்டுக் கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்ட் சேர்ப்பார்கள். ஈஸ்ட் சர்க்கரையை உண்டு பெருகி, சாராயச்சத்தையும் கரிவாயுவையும் வெளியிடும். எஞ்சிய சக்கை மாடுகளுக்குத் தீவனமாகப் போகிறது என்று வழிகாட்டி பெருமையுடன் சொல்வார். மந்தை மேய்ந்த வெளி என்று பெயர் பெற்ற பகுதியில் வாழும் நமக்கு அது கேட்க இனிதாகத்தான் இருக்கும்.

நொதிக்கும் அச்சாற்றின் ஒரு மில்லிலிட்டரில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஈஸ்ட் அணுக்கள் உள்ளன. பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் நொதித்தல் உயிர்களின் செயலே என்று நிறுவி, பீரைப் பற்றியே 1876-இல் ஒரு நூல் வெளியிட்டார். அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே அமிர்தசந்திர ஆசாரியர் புருஷார்த்த சித்தியுபாயத்தில், மது பல உயிர்களின் பிறப்பிடம். அதனை அருந்துவோர் கொலைப்பாவத்துக்கு ஆளாவர் என்று கூறிவிட்டார். இதனைச் சொல்லி நம் மேடைகளில் கைதட்டல் பெறுவோர் உளர். நான் அதில் சேர விரும்பவில்லை. ஏனெனில் அதே நுண்ணோக்கியை நம் வீட்டு இட்லி மாவின் மீது வைத்தாலும் நுண்ணுயிர்கள் தென்படும். இரவு முழுதும் புளித்த மாவை ஒதுக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஒதுக்காதவை அதனினும் மிகுதி. உயிர்க்கணக்கு ஒன்றையே காட்டி மகனைத் தடுத்தால், அவன் சமையலறையைச் சுட்டிக் காட்டுவான். அப்போது நாம் என் செய்வோம்?

ஆசாரியரே காரணங்களை அடுக்கிய முறையை இங்கு நோக்கவேண்டும். உயிர்களின் பிறப்பிடம் என்பதை அவர் முதலில் வைக்கவில்லை. மது மனத்தை மயக்குகிறது. மயங்கியவன் அறத்தை மறக்கிறான். மறந்தவன் கூசாது இம்சை செய்கிறான் என்பதே முதற் காரணம். இட்லி எவரையும் அறம் மறக்கச் செய்ததில்லை. எனவே கள்ளுக்கும் மாவுக்கும் உள்ள வேறுபாடு உயிர்களின் எண்ணிக்கையில் இல்லை. உண்டபின் உண்டவனுக்கு நேர்வதில் இருக்கிறது. இவ்வாறு கொண்டால் காண்பதன் குற்றம் மிகவும் சுருங்கிவிடும். கொப்பரையைக் கண்டு மயங்கினார் இலர்.

எனினும் முற்றும் நீங்கிவிடாது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என வினை மூவழியில் வந்து பற்றும் என்பது நம் கொள்கை. ஆலையைக் காண்பதற்குரிய கட்டணத்தில் பெரும்பாலும் நான்கைந்து சிறு கோப்பைகளின் விலையும் அடக்கம். உண்ணாத இளைஞன் என்ன செய்வான்? தன் பங்கை அருகிலிருக்கும் நண்பனிடம் நகர்த்துவான். பார்வைக்கு அது பற்றற்ற செயல். உண்மையில் பிறனுக்குக் கள் வழங்குதல். காண்பதைக் காட்டிலும் இக்கோப்பையை நகர்த்துதலே எனக்குக் கவலை தருகிறது. அடுத்து, அநர்த்த தண்டம் என்னும் பயனில் செயல்களுள் துஃசுருதியும் ஒன்று. மனத்தைக் கலக்கும் பேச்சைக் கேட்டல். வெப்பநிலையையும் ஈஸ்டின் இயல்பையும் வழிகாட்டி விளக்கும்போது அது கல்வி. அதே வாய் நுரையையும் மணத்தையும் சுவையையும் வருணிக்கத் தொடங்கும்போது துஃசுருதி. கேட்பவனே தன் செவிக்குக் காவல். அறிவு வேட்கையையே பயனற்றது என்று ஒதுக்குவாரும் உளர். அவர்களோடு நான் உடன்படேன். அயர்லாந்தின் கின்னஸ் நிறுவனம் தன் பீரைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பைப் பசையை நெடுங்காலம் பயன்படுத்தி, அதைக் கைவிடுவதாக 2015-இல் அறிவித்தது. எப்படி ஆக்கப்படுகிறது என்று கேட்டவர்கள் இருந்ததால்தான் இச்செய்தியே வெளிவந்தது.

தந்தையின் அச்சம் வேறு வகையானது: இன்று கண், நாளை மூக்கு, மறுநாள் நாக்கு. இதனை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் நம் முதியோர் வளர்ந்த காலத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும். 1937-இல் சேலம் மாவட்டத்தில் இராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் சென்னை மாகாணம் முழுதும் பரவி, 1971 வரை நின்றது. அந்நாளில் மயிலாப்பூர்ச் சிறுவன் கள்ளுக்கடையையே கண்டதில்லை. அவன் உண்ணாமைக்குச் சட்டமும் துணை நின்றது. சில்லறை விற்பனையை 2003 முதல் அரசு நிறுவனமே நடத்தும் தமிழகத்தில், தெருமுனைக் கடையைக் கடந்தே பள்ளி செல்லும் பிள்ளைக்கு அத்துணை இல்லை. நாள்தோறும் கண்டும் உண்ணாதிருப்பவனே அவன். கண்டால் கெட்டுவிடுவான் என்று அவனை ஐயுறுவது, பல்லாண்டுகளாக அவன் காத்துவரும் விரதத்தை எண்ணாமல் விடுவதாகும்.

ஆகவே மகன் போகலாம் என்றேன். சுவைப்பதற்குரிய கட்டணத்தைத் தன் பெயரில் செலுத்தவேண்டாம் என்று அலுவலகத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். கோப்பை எதையும் பெற்று எவருக்கும் கொடுத்தல் ஆகாது. கோப்பைகள் வந்ததும் எழுந்துவிடவேண்டும். அலுவலக நண்பர்கள் நகைப்பார்களே என்றார் தந்தை. நகைக்கட்டும், நகைப்பால் பதவி உயர்வு தடைப்படுமாயின் அது பொருட்படுத்தத்தக்க இழப்புத்தான், அதை மறைத்துப் பயனில்லை. இழக்க ஒப்புவானா என்பதை மகன்தான் முடிவு செய்யவேண்டும்.

பேச்சின் இடையே நான் வேறொன்றும் கேட்டேன். சிராவகர்க்கு ஆகாத பதினைந்து தொழில்களுள் ரச வாணிஜ்யம் என்னும் கள் முதலியவற்றின் வணிகமும் ஒன்று. நம்மவர் எவரும் கள் விற்பதில்லை. ஆனால் பரஸ்பர நிதிகளில் மாதந்தோறும் பணம் செலுத்துகிறோம். அந்நிதிகள் வாங்கிக் குவிக்கும் பங்குகளில் மது நிறுவனங்களும் இருக்கக்கூடும். ஆலை வளர வளர நம் கணக்கும் வளரும். மகன் ஒரு பிற்பகல் கண்ணால் காண்பதா, தந்தை இருபதாண்டுகள் இலாபத்தில் பங்கு பெறுவதா, எது உடன்படுதலுக்கு அணுக்கமானது? அன்பர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், தம் நிதிகள் ஒவ்வொன்றும் எந்தெந்த நிறுவனங்களின் பங்குகளை வைத்திருக்கின்றன என்னும் பட்டியலை எங்கே பெறலாம் என்று வினவினார். நிதி நிறுவனங்கள் மாதந்தோறும் அதனை வெளியிடுகின்றன என்றேன். மகன் அந்தச் சனிக்கிழமை சென்று திரும்பிவிட்டான். தந்தை பட்டியலை இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்.