இரவு நீரில் ஒரு விளக்கு

சிவமயம்



பிறவியைக் கடல் என்றும், இறைவன் திருவடியை அக்கடலைக் கடப்பிக்கும் புணை என்றும் எமது பெரியோர் சொல்லிவந்தார்கள். கடலோடு வாழ்ந்த மக்களுக்கு இயல்பாகத் தோன்றிய உவமை இது. கரை ஏறும் வரை எதுவும் நிச்சயமில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். இன்று அந்த உவமையோடு உண்மையான தண்ணீரைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

விக்ரோறியா நாள் விடுமுறை வந்தால் எமது பிள்ளைகள் கூட்டமாகச் சிம்கோ ஏரிக்கும் கவார்த்தா ஏரிகளுக்கும் போகிறார்கள். கொட்டேஜ் எடுத்துத் தங்குகிறார்கள். இரவானதும் படகை இறக்கித் தூண்டில் போடுகிறார்கள். வோல்ஐ என்ற மீன் மங்கிய வெளிச்சத்தில் இரை தேடுவது. ஆகவே அதைப் பிடிக்க இருட்டியபின் போவதுண்டு. சைவர் மீன்பிடிக்கலாமா என்ற கேள்வியை இன்று எடுக்கவில்லை. போன பிள்ளை திரும்பி வரவேண்டும் என்பதே இன்றைய விடயம்.

அறுபத்துமூன்று நாயன்மாரில் ஒருவர் மீனவர். நாகபட்டினத்து நுளைப்பாடியில் வாழ்ந்த அதிபத்த நாயனார். ஆவணி ஆயிலியம் அவருடைய குருபூசைத் தினம். நாள்தோறும் வலையிற் படும் மீன்களில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலில் விடுவது அவர் விரதம். ஒரு காலத்தில் நாளுக்கு ஒரு மீனே பட்டது. வீட்டிலே சுற்றத்தார் பசித்திருந்தார்கள். அந்த ஒரு மீனையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு கரை திரும்பினார். பின்னர் மணிகள் பதித்த பொன்மீன் ஒன்று வந்தது. அதையும் விட்டார். இறைவன் இடபத்தின் மேல் காட்சி கொடுத்தார்.

இக்கதையைத் தியாகத்துக்கு உதாரணமாகச் சொல்வது வழக்கம். அதில் இன்னொரு பாடமும் உண்டு. வெறுங்கையோடு கரை திரும்பத் தெரிந்தவர் அவர். "இன்னும் ஒன்று பிடித்துவிட்டுப் போவோம்" என்ற ஆசை அவரைத் தண்ணீரில் நிறுத்தவில்லை. ஏரியில் காற்று எழும்பும்போதும், எரிபொருள் குறையும்போதும், கூட வந்தவன் குளிரில் நடுங்கும்போதும் திரும்ப மனம் வராததற்குக் காரணம் அந்த "இன்னும் ஒன்று" தான்.

உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் இருளையும் ஆணவ மலத்தையும் ஒப்பிட்டுக் காட்டுகிறார். இருள் மற்றப் பொருள்களை மறைத்தாலும், தான் இருள் என்பதையாவது காட்டும். ஆணவமோ பொருளையும் மறைத்துத் தன்னையும் மறைத்துக்கொள்ளும். இரவில் ஏரிக்குப் போகும் இளைஞனுக்கு இருட்டு தெரிகிறது. "எனக்கு நீந்தத் தெரியும், எனக்கு ஒன்றும் நடக்காது" என்ற எண்ணம் ஆணவம் என்பது தெரிவதில்லை. இருளுக்கு ரோர்ச் லைற் போதும். இதற்கு அறிவு வேண்டும்.

அந்த அறிவு என்ன சொல்கிறது? மே மாதத்தில் வெயில் அடித்தாலும் ஏரித் தண்ணீர் பனிக்கட்டி உருகிய குளிர் மாறாமல் இருக்கும். அதற்குள் விழுபவனுக்கு ஒரு கணக்கைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்: 1, 10, 1. முதல் 1 நிமிடம் மூச்சு கட்டுப்பாடின்றி இழுக்கும். தலை நீருக்குள் இருந்தால் தண்ணீர்தான் உள்ளே போகும். அடுத்த 10 நிமிடம் மட்டுமே கைகால்கள் சொற்கேட்கும். ஏறக்குறைய 1 மணி நேரத்தில் உடல் குளிர்ந்து நினைவு தப்பும். இது தண்ணீரின் குளிரையும் ஆளின் உடலையும் பொறுத்துக் கூடிக் குறையும். ஆனால் உயிர்காப்பு அங்கி இல்லாதவன் அந்த மணித்தியாலத்தை எட்டுவதே அரிது. எங்கள் ஊர்க் கடலில் நீந்திப் பழகியவருக்கும் இந்த நீர் புதிது. ஒவ்வொருவருக்கும் அளவான அங்கி படகில் இருக்கவேண்டும் என்பது சட்டம். அதை அணிந்திருப்பது புத்தி.

பியர் குடித்துவிட்டுப் படகோட்டுவது கார் ஓட்டுவது போன்றே குற்றவியற் சட்டத்தின்கீழ்க் குற்றம். போதையில் எழும்பி நிற்பவன் நிலைதடுமாறுகிறான். இருட்டில் அவன் விழுந்த இடம் மற்றவர்களுக்குத் தெரிவதில்லை.

இனி விளக்கைப் பற்றி. 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்துக்கான தரைப்பாதை அடைபட்டிருந்தபோது எம்மவர் கிளாலி நீரேரியை இரவிற்தான் கடந்தார்கள். கடற்படையின் கண்ணிற் படாதிருக்க வெளிச்சம் இல்லாமல், பேச்சும் இல்லாமல், குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு போனார்கள். அந்நீரில் உயிரிழந்தோரும் பலர். அன்று விளக்குத்தான் ஆபத்து. இருள் எமக்கு மறைப்பாக இருந்தது. உயிரைக் காக்க வேறு வழி இருக்கவில்லை.

இங்கே எல்லாம் தலைகீழ். இங்கே விளக்கில்லாத படகுதான் சாவுக்கு அழைப்பு. வேகமாக வரும் இன்னொரு படகுக்கு நீங்கள் இருப்பதே தெரியாது. சூரியன் மறைந்தது முதல் உதிக்கும் வரை விளக்கு எரியவேண்டும்: இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, அவற்றோடு வெள்ளை. துடுப்புப் படகானாலும் ஒரு வெள்ளை லைற்றாவது கையில் தயாராக இருக்கட்டும். குறுக்கே வரும் இயந்திரப் படகின் சிவப்பு தெரிந்தால் வழிவிட வேண்டியவர் நீங்கள். சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் அது நேரே உங்களை நோக்கி வருகிறது. இருளுக்குக் கண் பழக அரைமணி நேரமாவது செல்லும். ஒருமுறை கைத்தொலைபேசியைப் பார்த்தால் அந்தப் பழக்கம் கெட்டுவிடும். படகோட்டுபவர் அதைத் தொடாமல் இருக்கட்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "போகாதே" என்று மட்டும் சொன்னால் பிள்ளை சொல்லாமற் போவான். எந்த ஏரி, யார் யார், எத்தனை மணிக்குக் கரை திரும்புவீர்கள் என்று கேளுங்கள். குறித்த நேரம் தாண்டினால் வெட்கப்படாமல் 911ஐ அழையுங்கள். தம்பிமாரே, தங்கைமாரே, புறப்படுமுன் கரையில் ஒருவருக்கு இவற்றைச் சொல்லிவிட்டுப் போங்கள். அங்கியில் ஒரு விசில் கட்டுங்கள். இருளில் உங்கள் குரலைவிட அது தூரம் கேட்கும். படகோட்டத் தகுதிச் சான்று இல்லாதவர் இயந்திரத்தில் கை வைக்க வேண்டாம்.

கோயிலில் விளக்கேற்றுவது இறைவனுக்கு வெளிச்சம் போதாமையால் அல்ல. இருளில் இருக்கிறோம் என்பதை நாம் ஒப்புக்கொள்வதற்காக. படகில் ஏற்றும் விளக்கும் அப்படியே. "நான் இங்கே இருக்கிறேன், நான் தப்பாதவன் அல்லன், என்னைப் பார்த்து வா" என்று அது சொல்கிறது. அதுவே ஆணவம் அடங்கிய சொல். கிளாலியைக் கடந்து பிள்ளைகளைக் கரைசேர்த்த தாய்மார் இன்றும் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளை ஒரு விடுமுறை இரவின் விளையாட்டுக்குப் பறிகொடுக்கக் கூடாது.

தொண்டைமானாற்றங்கரையில் அமர்ந்து கடலோடிகளைக் காத்த செல்வச் சந்நிதி முருகன், இந்நாட்டு ஏரிகளிலும் எம் பிள்ளைகளுக்குத் துணையிருப்பானாக.

சுபம்.