மண்ணின் மலரும் அயல் மலரும்

ஹரித்வாரில் மாலை ஆரதியின்போது பக்தர்கள் கங்கையில் மிதக்கவிடும் தொன்னைகளில் கேந்திப்பூவைக் காணலாம். தமிழில் அதற்குத் துலுக்கச் சாமந்தி என்ற பெயரும் உண்டு. அதன் தாயகமோ துருக்கி அன்று. மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். கடல் கடந்து வந்த அம்மலரை இன்று இறைவழிபாட்டிலிருந்து பிரித்துப் பார்க்க எவருக்கும் தோன்றுவதில்லை.

அண்மையில் தாவரங்களைப் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கையில், வெளியிலிருந்து வந்த செடிகளைக் குறிக்க 'வந்தேறி' என்று எழுதினேன். உடனே கை நின்றது. மனிதரை இழித்துரைக்கப் பயன்படும் சொல் அல்லவா அது!

இவ்வகைப்பாட்டின் வரலாறும் சிந்தனைக்குரியது. 1847-இல் ஹியூவிட் காட்ரெல் வாட்சன் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர், பிரிட்டனின் செடிகளைச் சுதேசி, குடியேறியது, அயல் என்றெல்லாம் வகுத்தார். அவர் கையாண்ட சொற்களில் சில, குடிமக்களையும் அயலாரையும் பிரித்த ஆங்கிலச் சட்டத்தில் வழங்கியவை. மனிதருக்காக உண்டான சொற்கள் செடிகளுக்குச் சென்றன.

அச்சொற்கள் செடியின் இயல்பைக் கூறுகின்றனவா?

இமயத்தில் இயல்பாக வளரும் காசித்தும்பை இனம் ஒன்று 1839-இல் அழகுக்காக இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அது அங்கே ஆற்றங்கரைகளில் அடர்ந்து பரவி, பிற செடிகளை நெருக்குகிறது. குளிர்காலத்தில் அது மடிந்ததும் வெறுமையான கரைமண் அரிக்கப்படுகிறது. மறுபுறம், உத்தராகண்டிலுள்ள மலர்ப் பள்ளத்தாக்கு 1982-இல் தேசியப் பூங்காவாயிற்று. அங்கே பிற மலர்ச்செடிகளை மூடிப் படர்வதாக வனத்துறையினர் பிடுங்கி அகற்றும் ஒரு செடி, வெளிநாட்டிலிருந்து வந்ததன்று, இமயத்திற்கே உரியது.

வேதாந்தம் லக்ஷணத்தை இரண்டாகப் பகுக்கும். ஒரு பொருளின் இயல்பையே உணர்த்துவது ஸ்வரூப லக்ஷணம். அப்பொருளோடு சிறிது நேரம் சேர்ந்திருந்து, அதை அடையாளம் மட்டும் காட்டுவது தடஸ்த லக்ஷணம். 'காகம் அமர்ந்திருக்கிறதே, அதுதான் தேவதத்தனின் வீடு' என்பது மரபான உதாரணம். காகம் வீட்டின் பகுதியன்று. அது பறந்த பின்னும் வீடு அப்படியே இருக்கும். சுதேசி, அயல் என்பனவும் அத்தகையவையே. இங்கிலாந்து சென்ற காசித்தும்பையின் இயல்பு மாறவில்லை, இடமே மாறியது.

அப்படியானால் எல்லாவற்றையும் வளரவிட வேண்டுமா? இல்லை. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த உண்ணிச்செடி நம் காடுகளில் புதராகப் பரவி, புல்லும் இளமரக்கன்றுகளும் முளைக்க இடமின்றிச் செய்கிறது. அதை அகற்றத்தான் வேண்டும். தாயகத்தில் தன்னைக் கட்டுப்படுத்திய பூச்சிகளையும் நோய்களையும் விட்டு வந்த செடி எல்லைமீறிப் பரவக்கூடும். ஆகவே பிறப்பிடத்தை ஆராய்வது அறிவுடைமை. ஆனால் அது விசாரணையின் தொடக்கம் மட்டுமே. தீர்ப்பு, அச்செடி செய்யும் நன்மை தீமைகளைக் கண்டபின் வரவேண்டியது.

செடிகளுக்கே இவ்வளவு நிதானம் தேவையெனில், மனிதர் விஷயத்தில் எவ்வளவு தேவை! செடியால் தன் போக்கை ஆராய்ந்து திருத்திக்கொள்ள இயலாது, மனிதனால் இயலும். அவனை 'எங்கிருந்து வந்தவன்' என்பதைக் கொண்டே அளப்பது, காகத்தைப் பார்த்துவிட்டு வீட்டை அறிந்ததாக எண்ணுவதாகும்.

நான் எழுதிய சொல்லை அடித்துவிட்டு 'அயல் தாவரம்' என்று திருத்தினேன். தாளில் திருத்துவது எளிது. உள்ளத்தில் ஒருவரைப் பற்றி அத்தகைய சொல் எழும்போதெல்லாம் அதையும் திருத்திக்கொள்ளும் விவேகத்தை இறைவன் நமக்கு அருள்வானாக!